சைரன் படத்தில் அம்மா

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நான், இவள், குழந்தைகள் எல்லாரும் நன்றாக இருக்கிறோம். அங்கே நீ, மாமா, அப்பா எப்படி? அப்பாவின் வலது கை கொஞ்சமாவது அசைகிறதா? போனில் கேட்டிருக்கலாம். போனில் நாம் இருவரும் ஒரே நேரத்தில் பேசுவோம், கடைசியில் யாராவது ஒருத்தர் கோபித்துக்கொண்டு வைப்போம். காகிதம் என்றால் குறுக்கே பேச முடியாது.

போன வாரம் ஒரு கட்டடத்தில் லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டது என்று கூப்பிட்டார்கள். பழைய படச்சுருள்களைச் சேர்த்துப் பாதுகாக்கிற இடம் அது. வேலை முடிந்து கை கழுவும்போது சுவரில் ஒரு போஸ்டர் பார்த்தேன். சாம்பல் நிறச் சட்டை போட்ட ஜனங்கள் வரிசையாக நடந்து போகிறார்கள், யாருடைய முகமும் தெரியவில்லை. நம் ஆலைக் குவார்ட்டர்ஸில் எடுத்தார்களே, அந்தச் சைரன் படம்! சுருளைச் சுத்தம் பண்ணி இப்போது டிவிடி தட்டில் வெளியிட்டிருக்கிறார்களாம். கேட்டதும் ஒன்று கொடுத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போட்டுப் பார்த்தேன். கதை உனக்கு நினைவிருக்கிறதா? ஒரு நகரம். அதில் யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது. சைரன் ஊதினால் எல்லாரும் வேலைக்கு வரிசையாக நடக்க வேண்டும். கழுத்தைத் திருப்பினால் தலைக்கவசம் போட்ட காவலர்கள் வந்து இழுத்துப்போவார்கள். ஏன் திரும்பக் கூடாது என்று கடைசிவரை யாருமே சொல்லவில்லை. கடிகாரம் பழுதுபார்க்கிற ஒருவன் சாப்பாட்டு டப்பா மூடிக்குள் கண்ணாடி ஒட்டிவைத்து, திரும்பாமலே பின்னால் பார்க்கிறான். கதை அவ்வளவுதான். சின்ன வயதில் இதைப் பார்த்துவிட்டு வாரக்கணக்கில் படுக்கையை நனைத்தேன். இப்போது பார்த்தால் காவலர்களின் தலைக்கவசம் எல்லாம் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டுக்குப் பெயின்ட் அடித்தது. சிரிப்புதான் வந்தது.

ஆனால் ஒன்று. அந்தக் கூட்டம் முழுக்க நம் கண்ணாடி ஆலை ஆட்கள். கேன்டீன்காரர் இருக்கிறார், டைம்கீப்பர் இருக்கிறார். அப்படியென்றால் அம்மாவும் இருக்க வேண்டும் இல்லையா? அம்மா சினிமாக்காரர்களோடு போய்விட்டாள் என்று சொல்லித்தானே பள்ளிக்கூடத்தில் என்னைக் கிண்டல் பண்ணினார்கள்.

எனக்கு அம்மாவின் முகம் நினைவில்லை. ஆல்பத்தை அவள் எடுத்துப்போய்விட்டாள். அவள் செத்துப்போன தகவல் வந்ததே தவிர ஆல்பம் வரவில்லை. நீ அவளைப் பன்னிரண்டு வருஷம் பார்த்தவள். ஒரு தட்டு உனக்கும் அனுப்புகிறேன். பார்த்து, யார் என்று சொல்லு.

உடம்பைப் பார்த்துக்கொள். மாமாவைக் கேட்டதாகச் சொல்.

தம்பி


மார்ச் 3

அன்புள்ள சில்லுவுக்கு,

உன் கடிதமும் தட்டும் பத்திரமாக வந்தன. குழந்தைகளுக்குப் பரீட்சை நெருங்குகிறதே, படிக்கிறார்களா? நாங்கள் எல்லாரும் சுகமே. பயிற்சி கொடுக்கிற பெண் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து அப்பாவின் கையைக் காலை நீட்டி மடக்கிவிட்டுப் போகிறாள். வலது பக்கம் இன்னும் மரக்கட்டைதான். இடது பக்கம் பலமாக இருக்கிறது. அவர் எப்போதும் இடது கைக்காரர் என்பதால் சாப்பாட்டுக்கும் ஷேவிங்குக்கும் பெரிய சிரமம் இல்லை. பேச்சு துண்டு துண்டாக வருகிறது. திட்டுவது மட்டும் முழுசாக வருகிறது.

லேபில் வேலை தலைக்குமேல். ஒரே டாக்டர் ஒரே வாரத்தில் ஒன்பது பேருக்குப் பல்செட் கேட்டு அச்சு அனுப்பியிருக்கிறார். ஊரில் எல்லாருக்கும் ஒரே நாளில் பல் விழுந்ததோ என்னவோ.

அந்தப் படத்தைப் பற்றி எழுதியிருந்தாய். ஆலை மூடியிருந்த சமயம் அது. எல்லாரும் வீட்டில் சும்மா இருந்தார்கள், அதனால் சினிமா வண்டி வந்ததும் ஊரே திரண்டு போனது. அந்தச் சட்டைக்குக் கஞ்சி போட்டுப்போட்டுத் தகடு மாதிரி ஆக்கியிருந்தார்கள். கழுத்தெல்லாம் அரித்தது. கேன்டீன்காரருக்குச் சொறியாமல் நிற்க முடியவில்லை. அவரைக் கடைசி வரிசைக்குத் தள்ளிவிட்டார்கள். சைரன் நம் ஆலைச் சைரன்தான். அது ஊதினாலே பழக்கத்தில் பாதிப் பேர் கேட்டை நோக்கி நடந்தார்கள். டைரக்டருக்கு அதுதான் வேண்டியிருந்தது.

எங்கள் வீட்டில் தட்டுப் போடுகிற கருவி ரிப்பேர். மாமா பார்க்கிறேன் என்றார். அவர் பார்க்கிறேன் என்றால் எப்போது என்று உனக்குத் தெரியும்.

தலையில் தொப்பி போட்டுக்கொண்டு வேலைக்குப் போ. எல்லாரையும் விசாரித்ததாகச் சொல்.

அக்கா


மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். அப்பாவுக்குத் திட்ட வருகிறது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. பழைய ஆள் உள்ளேதான் இருக்கிறார்.

உன் கருவி ரிப்பேர் என்பதால் நானே தேடிவிட்டேன். குழாயடியில் ஒரு காட்சி இருக்கிறது. பெண்கள் வரிசையில் நின்று தண்ணீர் பிடிக்கிறார்கள், யாரும் பேசுவதில்லை. அதில் முன்னால் நிற்கிற ஒருத்தி நல்ல உயரம். முகவாயில் மச்சம். யாரும் சிரிக்கக் கூடாது என்று சொல்லியிருப்பார்கள் போல. இவளுக்கு மட்டும் உதட்டு ஓரத்தில் சிரிப்பு பிய்த்துக்கொண்டு வருகிறது, அடக்கப் பார்க்கிறாள். என் சின்னவளுக்கும் இதே மாதிரிதான் சிரிப்பை அடக்கத் தெரியாது.

திரையை நிறுத்திப் படம் எடுத்து, கடையில் கொடுத்து அச்சுப் போட்டேன். ஒன்று என் டூல் பாக்ஸ் மூடியின் உள்பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். லிஃப்ட் குழிக்குள் இறங்கி மூடியைத் திறந்தால் முதலில் அவள்தான். கூட வேலை செய்கிற, லிஃப்ட்டின் இரும்புக் கயிறு மாற்றுகிற ரோப்காரர், “யாருப்பா இது, நடிகையா?” என்று கேட்டார். “எங்கம்மா” என்று சொன்னேன். அந்த வார்த்தையைச் சொல்லி எத்தனை வருஷம் ஆகிறது என்று யோசித்துக்கொண்டே ஸ்குரு முடுக்கினேன்.

ஒரு பிரதி இதோடு வைத்திருக்கிறேன். இவள்தானே?

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
தம்பி


ஏப்ரல் 20

அன்புள்ள சில்லுவுக்கு,

நீங்கள் எல்லாரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. அப்பாவை நாற்காலியிலிருந்து கட்டிலுக்கும் கட்டிலிலிருந்து குளியலறைக்கும் மாற்றவே பொழுது போய்விடுகிறது. முந்தாநாள் கைத்தடியைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் தானாக நின்றார். மாமா கைதட்டினார். அதற்கும் திட்டு விழுந்தது.

நீ அனுப்பிய படம் கிடைத்தது. லட்சணமான பெண்.

இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. லேபில் மெழுகு கையிலேயே உருகுகிறது. பல் வரிசை நிற்காமல் சரிகிறது. மற்றபடி எழுத ஒன்றும் விசேஷமில்லை. குழந்தைகளின் மார்க் என்ன?

அக்கா


மே 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? இங்கே எல்லாரும் சந்தோஷமாக இருக்கிறோம். மார்க் பற்றிக் கேட்காதே.

லட்சணமான பெண் என்று எழுதியிருந்தாய். உன் வாயிலிருந்து இதற்குமேல் வராது என்று எனக்குத் தெரியும். இவளிடம் காட்டினேன். என் முகவாயும் அதேதான் என்கிறாள். பெரிதாக அச்சுப் போட்டு, சட்டம் அடித்து, ஹாலில் மாட்டப்போகிறேன். கடையில் அளவு கொடுத்தாயிற்று.

இன்னொரு விஷயம் எழுத மறந்துவிட்டேன். சின்ன வயதில் என்னைத் தூங்கவிடாமல் பண்ணியது ஒரு காட்சி. வரிசையில் போகிற ஒரு பெண் திரும்பிப் பார்ப்பாள், காவலன் அவளை ஓங்கி ஒரு அறை அறைவான், அவள் விழுவாள். நம் மைதானத்தில் திரை கட்டிப் போட்டார்களே, அன்றைக்கு அந்த இடத்தில் நீ உன் துண்டை என் தலைமேல் போட்டு மூடிவிட்டாய். ஆனாலும் துண்டின் நூல் இடுக்கு வழியாகப் பார்த்துவிட்டேன்.

இப்போது அதை மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். மொத்தப் படத்திலும் நிஜமாகத் தெரிவது அந்த ஒரு இடம்தான். மற்றவர்கள் எல்லாம் கையை ஊன்றி, அடிபடாமல் பார்த்து விழுகிறார்கள். இவள் கை ஊன்றவில்லை. அப்படியே போய் விழுகிறாள். ஆள் யாரோ, நன்றாக நடித்திருக்கிறாள். முகம் ஒரு கணம்தான் தெரிகிறது.

கேள், இதில் தமாஷ் என்னவென்றால் அந்தக் காட்சியின் ஓரத்தில் நீ இருக்கிறாய்! இரட்டைப் பின்னல், அதே முறைப்பு. உன் முன்னால் ஒரு பொடியன். உன் கை அவன் வாயைப் பொத்தியிருக்கிறது. அது நான்தானே? அப்போதே என்னைப் பேசவிட்டதில்லை நீ. போனில் மட்டும் எப்படி விடுவாய்?

அப்பாவுக்கு என் அன்பைச் சொல். படம் பற்றி அவரிடம் சொன்னாயா?

தம்பி


மே 11

சில்லு,

சௌக்கியம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

படத்துக்குச் சட்டம் அடிக்காதே. ஆர்டர் கொடுத்திருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடு. அந்த உயரமான பெண் ஆலை ஆஸ்பத்திரியில் இருந்த நர்ஸ். உனக்கு இரண்டு தடவை ஊசி போட்டிருக்கிறாள், நீ அவள் கையைக் கடித்திருக்கிறாய். அவள் இன்னும் எங்கேயோ உயிரோடு இருக்கக்கூடும். யாரோ ஒருத்தர் வீட்டு ஹாலில் அவள் தொங்குவது நன்றாக இருக்காது.

டூல் பாக்ஸில் இருப்பதையும் எடுத்துவிடு.

நம் அம்மா குள்ளம். என் தோள் உயரம்கூட இப்போது வரமாட்டாள்.

அப்பாவிடம் படம் பற்றிப் பேச்செடுக்கவில்லை. நீயும் எடுக்க வேண்டாம்.

அக்கா


ஜூன் 1

அக்காவுக்கு,

எல்லாரும் நலம் என்று எழுதுவது வழக்கம். எழுதியாயிற்று.

மார்ச்சில் படத்தை அனுப்பினேன். மே மாதம்தான் நர்ஸ் என்கிறாய். நடுவில் இரண்டு மாதம் ஒரு நர்ஸைப் பார்த்து அம்மா என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவளிடம் பேசக்கூட ஆரம்பித்திருந்தேன். லிஃப்ட் குழியில் வேறு யார் இருக்கிறார்கள் பேச? மூடியிலிருந்து பிய்த்தபோது பசை வரவில்லை. இப்போது அங்கே ஒரு வெள்ளைத் திட்டு இருக்கிறது.

குள்ளம் என்று ஒரு அடையாளம் கொடுத்தாய். மறுபடி உட்கார்ந்து பார்த்தேன். படத்தில் இருக்கிற குள்ளமான பெண்கள் எல்லாரையும் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். வயதானவர்களைக் கழித்து, சின்னப் பெண்களைக் கழித்துக்கொண்டே வந்தால் கடைசியில் ஒருத்திதான் மிச்சம். திரும்பிப் பார்த்து அறை வாங்குகிறவள்.

அதன்பிறகு அந்தக் காவலனைப் பார்த்தேன். எல்லாக் காவலர்கள் கையிலும் ரப்பர்த் தடி இருக்கிறது, வலது கையில். இவன் தடியைக் கீழே போடுகிறான். அடிக்கிறது வெறுங்கையால். இடது கை.

நான் லிஃப்ட் மெக்கானிக். சத்தம் கேட்டே எந்த மாடியில் என்ன கோளாறு என்று சொல்லுகிற ஆள். இதற்கு யாரும் எனக்கு விளக்க வேண்டியதில்லை. இருந்தாலும் நீ எழுத வேண்டும் என்று கேட்கிறேன். அவள் அம்மாவா? அவன் அப்பாவா?

தம்பி


ஜூலை 28

அன்புள்ள சில்லுவுக்கு,

உன் உடம்பு நன்றாக இருக்கிறது என்று உன் வீட்டுக்காரி மாமாவிடம் போனில் சொன்னாளாம். சந்தோஷம். இங்கேயும் குறைவில்லை.

இரண்டுக்கும் பதில் ஆமாம்.

உனக்கு எழுதக் காகிதத்தை எடுப்பேன், வைப்பேன். இன்று லேப் விடுமுறை. மாமா அப்பாவை டாக்டரிடம் கூட்டிப்போயிருக்கிறார். வீட்டில் யாருமில்லை. எழுதிவிடுகிறேன்.

உயரமான ஆண்களை எல்லாம் காவலர்களாகப் பொறுக்கினார்கள். அப்பா ஷிஃப்ட் ஃபோர்மன், ஆள் ஓங்குதாங்கு, முதலில் அவரைத்தான் கூப்பிட்டார்கள். அவருக்கு அதில் பெருமை. மாதக்கணக்கில் வேலை இல்லாமல் கிடந்தவர், ஹெல்மெட்டைப் போட்டதும் நிமிர்ந்து நடந்தார். அம்மா வரிசையில் ஒருத்தி. குழந்தைகளை ஓரமாக நிறுத்தியிருந்தார்கள்.

அன்றைக்கு எடுத்தது ஒரு நீளமான நடை. கேட்டிலிருந்து உலை வரைக்கும். யாரும் திரும்பக் கூடாது என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அம்மா திரும்பிவிட்டாள். மறுபடி முதலிலிருந்து நடக்க விட்டார்கள். மறுபடியும் அவள் திரும்பினாள். வெயில் வேறு. மற்ற காவலர்கள் எல்லாம் அப்பாவின் கீழே வேலை பார்த்தவர்கள். அதில் ஒருவன், “ஃபோர்மன் சொன்னா ஆலையே கேக்கும், வீட்டம்மா கேக்க மாட்டாங்க போல” என்றான். எல்லாரும் சிரித்தார்கள். ஹெல்மெட்டுக்குள் அப்பா சிரித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது தடவையும் அவள் திரும்பினாள். நீ பார்த்தது அது.

திரும்புகிறவளைத் தடியால் தோளில் தொட்டு இழுத்துப்போக வேண்டும். காவலர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான்.

அவள் விழுந்ததும் டைரக்டர் எழுந்து நின்று கைதட்டினார். அவரைப் பார்த்து யூனிட் ஆட்கள் தட்டினார்கள். அவர்களைப் பார்த்து நம் குவார்ட்டர்ஸ் ஜனங்களும் தட்டினார்கள். எல்லாருக்கும் நடிப்பா நிஜமா என்று தெரியும். இருந்தும் தட்டினார்கள். அம்மா எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு, சட்டைக் காலரைச் சரிபண்ணிக்கொண்டாள். ஒரு உதவியாளன் ஓடிவந்து, “உங்களால இன்னொரு வாட்டி முடியுமா?” என்று கேட்டான். “முடியாது” என்றாள். அவள் யாரிடமும் முடியாது என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

வீட்டில் இதற்கு முன் அடித்ததில்லையா என்று கேட்பாய். உண்டு. உன்னைத் தூங்கவைத்தபிறகு. அது நான்கு சுவருக்குள் நடந்தது. காலையில் அவள் ஒன்றும் நடக்காத மாதிரி எழுந்துகொள்ள முடிந்தது. இது நடந்தபிறகு தெருவில் எதிர்ப்பட்டவர்கள் எல்லாம் அவளிடம், நல்லா நடிச்சீங்க என்று சொன்னார்கள். யூனிட் காலிபண்ணிப் போனபிறகு ஒருநாள் ஆல்பத்தை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். சினிமா வண்டியில் போகவில்லை. எல்லாரும் போகிற பஸ்ஸில்தான் போனாள். பக்கத்தூரில் அல்ல, தூரத்தில், ஒரு சலவைக்கடையில் இஸ்திரி போட்டாள். இடம் கிடைத்ததும் நம் இரண்டு பேரையும் கூட்டிக்கொள்வதாக எனக்குப் பள்ளிக்கூட முகவரிக்கு எழுதினாள். இடம் கிடைப்பதற்குள் காய்ச்சல் வந்தது.

மைதானத்தில் படம் போட்ட அன்று அந்தக் காட்சி வந்தபோது, முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி நம்மைப் பார்த்தார்கள். அதற்காகத்தான் துண்டைப் போட்டேன். நீ திரையைப் பார்ப்பாய் என்று அல்ல.

மாமா வந்துவிட்டார். அப்பாவின் ரத்த அழுத்தம் சரியாக இருக்கிறதாம்.

அக்கா


ஆகஸ்ட் 6

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் இருக்கிறோம். உன் கடிதத்தை இவளுக்குப் படித்துக் காட்டினேன். பாதியில் எழுந்துபோய்த் துணி மடிக்க ஆரம்பித்துவிட்டாள்.

நீ அவருக்குச் சமைத்துப் போடுகிறாய், குளிப்பாட்டுகிறாய், நகம் வெட்டுகிறாய். அந்த இடது கை நகத்தையும் நீதான் வெட்டுகிறாய். எப்படி அக்கா முடிகிறது? மே மாதம் அவருக்கு என் அன்பைச் சொல் என்று எழுதினேனே, அதைப் படித்துவிட்டு அவரிடம் போய்ச் சொன்னாயா?

நீ எழுதாமல் விட்டது ஒன்று இருக்கிறது. மூன்று தடவை திரும்பினாள் என்று எழுதினாய். ஏன் திரும்பினாள் என்று எழுதவில்லை. அம்மா ஒரு தடவை சொன்னால் புரியாதவளா? நான் அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டினேன். அவள் கண் காவலனைப் பார்க்கவில்லை, காமிராவைப் பார்க்கவில்லை. ஓரத்தைப் பார்க்கிறது. ஓரத்தில் நீயும் நானும். உன் கை என் வாயில். அவள் ஏதோ சொல்கிறாள், உதடு அசைகிறது. படத்தில் அந்த இடத்தில் சைரன்தான் கேட்கிறது.

நான் கூப்பிட்டேன். இல்லையா?

தம்பி


ஆகஸ்ட் 19

அன்புள்ள சில்லுவுக்கு,

எல்லாரும் நலமாக இருங்கள்.

ஆறு வயதுப் பிள்ளை அம்மாவைக் கூப்பிட்டது. அம்மா திரும்பினாள். இதில் தப்பு எங்கே இருக்கிறது என்று நீயே சொல்.

அவள் சொன்னது, “இருடா, தோ வரேன்.” அவ்வளவுதான். சாதாரணமாகச் சொன்னாள், அடுப்படியிலிருந்து சொல்வது போல.

எப்படி முடிகிறது என்று கேட்டாய். மன்னித்துவிட்டதால் செய்கிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. மன்னிக்காமலும் ஒருத்தரைக் குளிப்பாட்டலாம். தண்ணீர் சூடு சரியாக இருக்கிறதா என்று பார்த்தால் போதும். உன் அன்பை நான் அவரிடம் சொல்லவில்லை. நீ கேட்டதால் சொல்கிறேன்.

இப்போது என் விஷயம். அடிவயிற்றில் கொஞ்ச நாளாக ஒரு புடைப்பு. குடலிறக்கம் என்று டாக்டர் சொல்கிறார். கனமான ஆளைத் தூக்கித் தூக்கி வந்திருக்கிறதாம். கத்தி வைத்தாக வேண்டும், அதற்குப் பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு வாளிகூடத் தூக்கக் கூடாது. மாமாவுக்கு முதுகு சரியில்லை என்று உனக்குத் தெரியும்.

அப்பாவை நீ வைத்துக்கொள்ள முடியுமா? இந்த நேரத்தில் கேட்கிறேனே என்று எனக்கும் இருக்கிறது. நேரம் பார்த்து எனக்கு வியாதி வரவில்லை. முடியாது என்றால் முடியாது என்று எழுது, வேறு வழி பார்க்கிறேன். பதில் போடாமல் மட்டும் இருக்காதே.

அக்கா


அக்டோபர் 12

அன்புள்ள அக்காவுக்கு,

தையல் பிரித்தாயிற்று என்று மாமா போன் பண்ணினார். வலி குறைந்ததா? சாப்பிடுகிறாயா? இங்கே எல்லாரும் சுகம். அப்பாவும்.

அவரைக் கூட்டிப்போக நான் வந்தபோது நாம் இருவரும் மாத்திரை, டயப்பர், மருந்துச்சீட்டு என்று இதைத்தான் பேசினோம். வேறு எதுவும் பேசவில்லை. நல்லதுதான் என்று வண்டியில் வரும்போது நினைத்தேன்.

முதலில் அவரை நான் தொடவில்லை. ஆள் வைத்தேன். அந்த ஆளை இரண்டே நாளில் திட்டி விரட்டிவிட்டார். பிறகு நான்தான். லிஃப்ட்டின் எடைக்கட்டிகளைத் தூக்கிப் பழகிய உடம்பு, அவரைத் தூக்குவது ஒன்றும் சிரமமில்லை. நீ எப்படி இத்தனை நாள் தூக்கினாய் என்பதுதான் புரியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அவரை ஹாலில் உட்காரவைத்துப் படத்தைப் போட்டேன். நீ வேண்டாம் என்று எழுதியிருந்தாய். இருந்தாலும் போட்டேன். இவள் சின்னவளைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டாள்.

ஆலை கேட்டைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார். டைம்கீப்பரைப் பார்த்து என்னவோ முனகினார். அந்த இடம் வந்தது. நான் திரையைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தேன். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. முடிந்தபிறகு பேசினார். துண்டு துண்டாகத்தான் வந்தது. சேர்த்து எழுதுகிறேன்.

“ஹெல்மெட் போட்டிருந்தேன். யாருன்னு தெரியாதுன்னு நெனச்சேன்.”

“அம்மாவுக்குமா தெரியாது?” என்று கேட்டேன்.

“அவளுக்கு என் கைய தெரியாதா?”

அவரை என்னென்ன கேட்பது என்று செப்டம்பர் முழுக்க யோசித்து வைத்திருந்தேன். நான் ஆரம்பிப்பதற்குள் அவர் இடது கையைத் தூக்கித் திரையைக் காட்டி, “மறுபடி போடு” என்றார்.

எனக்கு ஆத்திரம் வந்தது. எதற்கு என்று கேட்டேன். “மூஞ்சி” என்றார். “மூஞ்சி மறந்துபோச்சு.”

போட்டேன் அக்கா. அவள் திரும்புகிற இடத்தில், கை வருவதற்கு முன்னால் நிறுத்தினேன். இரண்டு பேரும் உட்கார்ந்து பார்த்தோம். அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அம்மாவைப் பார்ப்பேன் என்று நினைத்ததே இல்லை. வேறு யாரோடும் உட்கார்ந்து பார்க்கவும் எனக்கு ஆள் இல்லை. பெரியவன் பந்து விளையாடி முடித்து வந்து, “யாருப்பா அது?” என்று கேட்டான். அப்பா எனக்கு முன்னால், “உங்க பாட்டி” என்றார். அந்த வார்த்தை மட்டும் உடையாமல் வந்தது.

அந்த இடத்தை அச்சுப் போட்டிருக்கிறேன். கொஞ்சம் மங்கல்தான். ஒன்று உனக்கு, ஒன்று எனக்கு. அப்பாவும் ஒன்று கேட்டார். கொடுக்கவில்லை. பார்க்க வேண்டுமென்றால் என்னைக் கேட்க வேண்டும், நான் போட வேண்டும். அப்படியே இருக்கட்டும் என்று இப்போதைக்குத் தோன்றுகிறது. நாளைக்கு எப்படித் தோன்றுமோ.

கனம் எதையும் தூக்காதே.

தம்பி


நவம்பர் 4

அன்புள்ள சில்லுவுக்கு,

நீங்கள் அனைவரும் சௌக்கியம்தானே? நான் தேறிவிட்டேன். லேபுக்குப் பாதி நாள் போகிறேன். மாமா சமைக்கிறார். சாப்பிட்டுவிட்டும் உயிரோடு இருக்கிறோம்.

படம் வந்தது. என் வேலை மேஜையில், விளக்குக்குக் கீழே வைத்திருக்கிறேன். மங்கலாக இருந்தால் என்ன, அவளேதான். அந்த முகத்தில் பயம் இருக்கும் என்றுதான் நான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன், அதனால்தான் நீ அனுப்பிய தட்டைப் போடவே இல்லை. கருவி ரிப்பேர் ஒன்றும் இல்லை. படத்தைப் பார்த்தால் பயம் இல்லை. வேலையாக இருக்கும்போது பிள்ளை கூப்பிட்டால் ஒரு எரிச்சல் வருமே, அதுதான் இருக்கிறது. அதைப் பார்த்து நான் சிரித்துவிட்டேன். பக்கத்து மேஜைப் பெண் என்ன என்று கேட்டாள். எங்கம்மா என்றேன்.

அப்பாவுக்குப் படம் கொடுப்பதும் கொடுக்காததும் உன் இஷ்டம். இதில் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

டிசம்பரில் அவரைக் கொண்டுவந்து விடுவதாக மாமாவிடம் சொன்னாயாம். டாக்டர் சொன்ன மூன்று மாதம் அப்போது முடிந்துவிடும், வாஸ்தவம்தான். காலையில் இப்போதெல்லாம் வெளிச்சம் வந்தபிறகுதான் எழுந்திருக்கிறேன். எழுந்து, ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டு, யாரும் கூப்பிடாமல் ஒரு டம்ளர் தேநீர் முழுசாகக் குடிக்கிறேன். அது ஆறுவதற்கு முன்னால் முடிந்துவிடுகிறது.

அவசரப்படாதே சில்லு. இன்னும் கொஞ்ச நாள் அவர் அங்கேயே இருக்கட்டும்.

அக்கா